இடுப்பில் கோடு போட்ட ஏழு

அந்த அட்டைப்பெட்டி வந்திறங்கிய அன்று வாசல் காவலர் அதை உள்ளே விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கூரியர் சீட்டில் 'பிளேடு - 1' என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு பிளேடுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி என்பது அவருடைய கேள்வி. பதில் சொல்ல மாடியிலிருந்து நான் இறங்கி வரவேண்டியதாயிற்று. இது சவரம் செய்கிற பிளேடு இல்லை, தட்டையான ஒரு கணினி, அதற்குப் பெயர் அப்படி என்றேன். "அப்ப கம்ப்யூட்டருன்னே எழுத வேண்டியதுதானங்க" என்று சொல்லிவிட்டு, தன் நோட்டில் 'கம்ப்யூட்டர் பிளேடு ஒன்று' என்று எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். அன்றைய தினத்தில் சரியாக எழுதிய இரண்டு பேரில் அவர் ஒருவர் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டதுண்டு.

காரைக்காலில் பல அலுவலகங்கள் சேர்ந்து இருந்த ஒரு கட்டடம் அது. மாடியில் எல்லா அலுவலகத்துக்கும் பொதுவாகச் சின்னதாய் ஒரு சர்வர் அறை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பத்து வருடங்களின் பிற்பகுதி. நான் திருச்சியில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி, தலத்தெருவிலிருந்து ஸ்கூட்டியில் போய்வந்துகொண்டிருந்தேன். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்த வேலை. சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்தெட்டு. 'தெரியவில்லை' என்ற சொல் அந்த வயதில் என் வாயில் வராது.

அறையில் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் ஒரு கூடு. அந்தக் கூட்டில் நோட்டுப் புத்தகங்களை நிறுத்தி அடுக்குவதுபோல பிளேடுகளைச் செருகியிருந்தோம். ஏற்கெனவே ஐந்து இருந்தன, வந்தது ஆறாவது. நலத்திட்ட விண்ணப்பங்களைப் பதிகிற வேலையை இந்த ஆறாவது பிளேடுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. மக்களின் விவரங்கள் எல்லாம் நான்காவது பிளேடில் இருந்தன. ஆகவே ஆறு, நான்கைக் கூப்பிட வேண்டும். நான்கு பதில் சொல்ல வேண்டும். கீழே கவுண்ட்டரில் நிற்கிறவர்களுடைய வேலை அப்போதுதான் நடக்கும்.

அன்று இரண்டு வேலைகள் நடந்தன. பிளேடுக்கு முகவரி எண் கொடுத்து அதை ஓடவைத்தது என் வேலை. அதன் பின்பக்கத்திலிருந்து, எல்லா இயந்திரங்களையும் இணைக்கிற சுவிட்ச் பெட்டி வரைக்கும் கேபிள் இழுத்து, இரண்டு முனையிலும் அந்த எண்ணை லேபிள் ஒட்டியது கேபிள்காரரின் வேலை.

கேபிள்காரருக்கு நாற்பது வயது இருக்கும். கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவர். படகுகளில் வயர்லெஸ் செட்டும் பேட்டரி விளக்கும் மாட்டிப் பழகிய கை. சுனாமிக்கு அப்புறம் அவர் மனைவி அவரைக் கடலுக்கு விடவில்லை. இனிமேல் போகமாட்டேன் என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்படித்தான் அவர் இந்தக் கட்டடத்துக்கு வந்தார். வருடா வருடம் ஜூன் கடைசியில் புதுப்பிக்கிற கேட் பாஸ். அது இருந்தால் கரையில் வேலை, இல்லாவிட்டால் மறுபடி படகு. இது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும்.

கேபிள்களை அவர் பிளாஸ்டிக் பட்டையால் கட்டமாட்டார். வலை பழுது பார்க்கிற பச்சை நைலான் நூலை ஒரு முழம் பாக்கெட்டில் வைத்திருப்பார். சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு. அலமாரியின் பின்பக்கத்தைத் திறந்தால் அவ்வளவு ஒழுங்காக இருக்கும். எங்கள் அறையில் நெட்வொர்க் என்று பேசுகிறவர்கள் நாலு பேர், ஆனால் வலை கட்டத் தெரிந்தவர் இவர் ஒருத்தர்தான் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிப்பார். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை அண்ணே என்பேன்.

எந்த இயந்திரத்துக்கு எந்த எண் என்பது ஒரு நீளப் பதிவேட்டில் இருந்தது. எண் என்பது வீட்டுக் கதவு எண் மாதிரிதான், ஒரே எண் இரண்டு வீட்டுக்கு இருக்கக்கூடாது. அந்தப் பதிவேட்டை எழுதியவர் எங்கள் பழைய சூப்பரிண்டெண்ட். ஊருக்குள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த கத்தோலிக்கர். எல்லோரும் அவரை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடுவார்களாம். புதிய பிளேடு வரப்போகிறது என்று அதற்கும் ஓர் எண்ணை எழுதி வைத்துவிட்டு, ஓய்வு பெற்று, பிரான்சில் இருக்கிற மகளோடு இருக்கப் போய்விட்டார். எண்களை அவர் வரிசையாகக் கொடுக்கவில்லை, எது காலியோ அதைக் கொடுத்திருந்தார். அழகான பேனா எழுத்து. பதிவேட்டில் புதிய பிளேடுக்கு நேரே 27 என்று இருந்தது. பல வரிகளுக்கு மேலே இன்னோர் 27 இருந்தது, ஆனால் அதன் ஏழின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார். சரி, பழசை அடித்துவிட்டுப் புதுசுக்குக் கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இரண்டாம் நாளே தகராறு தொடங்கியது. ஆறாவது பிளேடு நான்காவதைக் கூப்பிட்டால் ஒரு நேரம் பதில் வரும், ஒரு நேரம் வராது. பத்து நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் செத்துப்போகும். நான் படியேறி, குளிருக்குச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, திரைக்கு முன்னால் உட்காரும்போது தானாகவே உயிர் வந்திருக்கும். ஒரேயடியாகக் கெட்டுப்போன இயந்திரத்தைச் சரி செய்துவிடலாம். இப்படி விட்டு விட்டுக் கெடுகிறது இருக்கிறதே, அதைப்போல ஆளை அவமானப்படுத்துகிறது வேறில்லை. கீழே கவுண்ட்டரில் நெடுங்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். "மாடியில அந்தப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கு" என்று கவுண்ட்டர்காரர் அவர்களிடம் சொல்வது என் காதில் விழும்.

சுவிட்சில் துளை மாற்றிப் பார்த்தேன். பிளேடைக் கூட்டில் இடம் மாற்றிச் செருகிப் பார்த்தேன். தகராறு வரும் நேரங்களை ஒரு காகிதத்தில் குறித்தேன். காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரை அதிகம், மூன்றுக்கு மேல் மறுபடி. ஞாயிற்றுக்கிழமை இல்லவே இல்லை. மாங்கனித் திருவிழா விடுமுறையன்று நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம் படுமோசம். இவ்வளவையும் குறித்துவிட்டு நான் கண்ட முடிவு, வெயில். ஏ.சி. தாக்குப் பிடிக்கவில்லை, நெருக்கிக் கட்டிய கேபிள்கள் சூடாகின்றன என்று தீர்மானித்தேன்.

பிறகு ஒரு நாள் மதியம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய், கேபிள்காரர் போட்டிருந்த பச்சை முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவிழ்க்கவேண்டுமானால் ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சுகள்தான் அவை. நான் வெட்டி முடித்த பிறகு கீழே கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் லேபிள் கண்ணில் பட்டது. கேபிளின் முனையில் 21 என்று கட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆறு வாரமாகத் தேடியது கையில் சிக்கிவிட்டதாக நினைத்தேன். லேபிள் தப்பாக இருப்பதால் மட்டும் இணைப்பு கெடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் லேபிளையே தப்பாக எழுதுகிற ஆள் வேறு எதைத்தான் சரியாகச் செய்திருப்பார் என்று மனம் தாவிவிட்டது.

சர்வர் அறைக்குப் பொறுப்பான அதிகாரி பொறுமை இழந்திருந்தார். நான் சுவிட்ச், சூடு, கேபிள் என்று தொடங்கியதும் கையைத் தூக்கினார். "பிளேடு போடாதீங்க. யார் செஞ்சது தப்பு, அதை எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். மூன்றே வரிகள். 'கேபிள் பணியாளர் இணைப்புகளை முறையின்றிக் கட்டியுள்ளார். லேபிள் எண்ணைத் தவறாக எழுதியுள்ளார். கேபிள் பணியை மறுபரிசீலனை செய்யப் பரிந்துரைக்கிறேன்.' இன்றைக்குக்கூட அதன் இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. செய்தவர் யார் என்று தெளிவாகவே எழுதியிருந்தேன்.

ஜூன் கடைசியில் அவருடைய பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. அன்று சாயங்காலம் நாலரை மணி வாக்கில் கருவிப்பையை எடுக்க மேலே வந்தார். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் வருவார். அன்றும் கழற்றிவிட்டு வந்தார்.

"எந்த லேபிளு மேடம் தப்பு?"

"இருபத்தேழுக்கு இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்கீங்கண்ணே."

"புக்குல அப்படித்தான மேடம் இருக்கு."

"புக்க நானும் பாத்துட்டேன்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பதிவேடு நான் கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் எடுத்துக் காட்டவில்லை, அவரும் எடுங்கள் என்று கேட்கவில்லை. படித்த பெண் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகு அவர் என்ன கேட்பார்? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

வேறோர் ஆள் வந்து ஆறாவது பிளேடுக்குப் புதிய கேபிள் இழுத்தார். லேபிளை நானே எழுதினேன், 27 என்று. மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நான் இரண்டு தரம் அதிகாரியின் அறைப்பக்கம் வேலையில்லாமல் நடந்துவந்தேன். அந்த மூன்று நாளில் இரண்டு சனி, ஞாயிறு என்பதையும், இன்னொரு நாள் கீழே பிறப்பு-இறப்புப் பதிவுப் பிரிவு எழுத்தர் விடுப்பில் இருந்ததையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி போயிற்று.

எரிச்சலில் ஆறாவது பிளேடைக் கூட்டிலிருந்து உருவி மேசையில் வைத்தேன். பக்கத்துத் திரையில் 27-ஐக் கூப்பிடுகிற சோதனை ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த மறந்துவிட்டேன். பிளேடைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், பதில் வந்துகொண்டிருந்தது. வரி வரியாக, அழகாக. இயந்திரம் என் கையில் இருக்கிறது, மின்சாரமே இல்லை. அதன் எண்ணைக் கூப்பிட்டால் யாரோ இதோ இருக்கிறேன் என்கிறார்கள்.

பயப்படவில்லை. என்ன நடக்கிறது என்பது அந்தக் கணமே புரிந்துவிட்டது. அதே எண்ணில் இன்னோர் இயந்திரம் இருக்கிறது. அது உயிரோடு இருக்கும்போதெல்லாம் என்னுடைய பிளேடுக்கு வரவேண்டியது பாதி அதற்குப் போகிறது. இத்தனை வாரத்தில் எந்தச் சோதனையையும் பிளேடை வெளியே எடுத்துவிட்டு நான் செய்யவில்லை. இல்லாத ஒன்றைக் கூப்பிட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும் என்று அப்போது எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சுவிட்சிலிருந்து கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவதைப் பிடுங்கியதும் பதில் நின்றது. அந்தக் கேபிள் சுவரிலிருந்த ஓட்டை வழியாகக் கீழே இறங்கியது. நானும் இறங்கினேன். பதிவுப் பிரிவு அறையில், அலமாரிக்குப் பின்னால், துணி போட்டு மூடி வைக்கிற ஒரு பழைய பிரிண்டரில் போய் முடிந்தது.

எழுத்தர் ஐம்பது வயது அம்மாள். பிறப்புச் சான்றிதழ் அச்சடிக்க மட்டும்தான் அந்தப் பிரிண்டர். யாராவது கேட்டு வந்தால் போடுவார், வேலை முடிந்ததும் அணைத்துத் துணி போட்டு மூடிவிடுவார்.

"இப்ப ரெண்டு மாசமா இது சரியாவே இல்லைங்க" என்றார். "பாதி அடிக்கும், நின்னு போவும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன், திரும்ப அடிக்கும். ஜூனு மாசம் ஸ்கூல் சேக்கிறவங்க கூட்டம் வேற."

ஒவ்வொரு தரம் அவர் ஆஃப் செய்து ஆன் செய்தபோதும் மேலே நான் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மேலே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து அவர் முன்னால் பிரித்து வைத்தேன். அடித்த எண்ணை ஏன் இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன். குரலில் கொஞ்சம் அதிகாரம்கூட இருந்தது.

"அடிச்சதா? எங்கங்க அடிச்சிருக்காரு?" என்று மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இது ஏழுங்க. முசே ஏழு போட்டா இப்படித்தான், இடுப்புல ஒரு கோடு போடுவாரு. அவங்க பிரெஞ்சு ஸ்கூல்ல அப்படி."

புதிய பிளேடின் வரியைக் காட்டினேன். அப்படியானால் இது?

"இது ஒண்ணுல்ல? ஒண்ணுக்கு நீட்டா மூக்கு வெச்சு எழுதுவாரு. இருபத்தொண்ணு."

அவருடைய மேசையில் பழைய பிறப்புப் பதிவேடுகள் கிடந்தன. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்து எழுத்து. நான் சும்மா ஒன்றைப் புரட்டினேன். பக்கம் முழுக்க மூக்கு வைத்த ஒன்றுகளும், இடுப்பில் கோடு போட்ட ஏழுகளும். என் அப்பாவின் பழைய வீட்டுப் பத்திரத்தில் அப்படி ஓர் ஏழு இருக்கிறது. சின்ன வயதில் அதைப் பார்த்து, யாரோ தப்பாக எழுதி அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. இருபது வருடம் கழித்தும் அதையேதான் நினைத்திருக்கிறேன். காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள் நான், வெளியூரிலிருந்து வந்தவளாக இருந்தாலாவது ஒரு சாக்கு சொல்லியிருக்கலாம்.

"கேபிள் போடுற தம்பி இதெல்லாம் நல்லா படிக்குமே" என்றார் எழுத்தர். "மூணு வருஷமா முசே எழுதிக் குடுத்த சீட்டப் பாத்துத்தான வேல செஞ்சுச்சு. அதைக் கேட்டிருந்தா சொல்லியிருக்குமே?"

சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

மாடிக்குப் போய் பிளேடுக்கு 21 என்று எண்ணை மாற்ற இரண்டு நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு அது ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. அதிகாரிக்கு இரண்டாவது அறிக்கை எழுதினேன். 'முகவரி எண் இரட்டிப்பாகப் பதியப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. கேபிள் பணியில் குறை இல்லை எனத் தெரியவந்துள்ளது.' பதியப்பட்டிருந்தது, கண்டறியப்பட்டது, தெரியவந்தது. எல்லாம் தானாகவே நடந்திருந்தது. முதல் அறிக்கையில் இருந்த ஆள் இதில் இல்லை, இதில் ஆளே இல்லை. நான்கு தரம் எழுதிக் கிழித்த பிறகு கிடைத்த வாக்கியம் அது.

அதிகாரி படித்துவிட்டு, "அப்ப அந்தாளையே திரும்ப வரச்சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டா பாஸ் குடுத்துடலாம்" என்றார். யார் பதிந்தது என்று அவர் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்காக அன்றே வெட்கப்படவும் செய்தேன், ஆனால் நிம்மதி முதலில் வந்தது.

போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுநாளும் அப்படியே. வியாழக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். சுனாமி குடியிருப்பில், ஒரே மாதிரியான வீடுகளுக்கு நடுவில், விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அவர் வாசலில் கைலியோடு நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. பக்கத்துப் படகில் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள், போய்விட்டு அன்று விடியற்காலைதான் கரைக்கு வந்திருக்கிறார். மனைவி படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க மேடம்" என்றார் அவர். மனைவி தலையை மட்டும் நிமிர்த்தினார்.

பாஸ் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்குள் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாஸைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "அப்ப என் லேபிளு சரிதானா மேடம்?" என்றார்.

"சரிண்ணே. இருபத்தொண்ணுதான்."

"இத இவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. ஒழுங்கா வேல பாத்திருந்தா எதுக்கு வெளிய அனுப்புறாங்கன்னு கேக்குறா."

நான் அந்தப் பக்கம் திரும்பினேன். "அண்ணன் மேல தப்பு இல்லீங்க. நம்பர் ரெண்டு எடத்துல பதிஞ்சிருந்துச்சு. இப்ப கண்டுபிடிச்சு சரி பண்ணியாச்சு" என்றேன். அறிக்கையைத்தான் பேச்சுத்தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் மீனைச் சட்டியில் போட்டார். கையைத் தண்ணீரில் அலசினார்.

"யாருங்க பதிஞ்சது?"

பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேபிள்காரர், "அது கெடக்குது விடு" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. கருவிப்பையை எடுக்க வந்த அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

"நான்தாங்க" என்றேன். "எண்ணைத் தப்பாப் படிச்சது நான். அண்ணன் மேல எழுதிக் குடுத்ததும் நான்."

அந்த அம்மாள் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நாலு நாளு" என்றார். "நாலு நாளு இவரு கடல்ல இருந்தாரு. புள்ளைங்க ரெண்டையும் ஸ்கூலுக்குக்கூட அனுப்பாம வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டு, நான் இந்தப் படியிலயே உக்காந்து தண்ணியப் பாத்துக்கிட்டிருந்தேங்க."